துடுப்பு யார் கையில்?

ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், "தங்களுக்கு எந்த ஊர்?" என்று விசாரிப்பது நம் தேசத்து வழக்கம். "காரைக்கால்" என்பேன். உடனே அவர் முகத்தில் ஒரு புன்னகை மலரும். இந்தப் புன்னகையில் இரண்டு ரகம் உண்டு என்பதைப் பல வருஷ அநுபவத்தில் கண்டிருக்கிறேன். ஒன்று பக்திப் புன்னகை. "ஓகோ! திருநள்ளாற்றுக்குப் பக்கம் அல்லவா? போன பெயர்ச்சிக்கு வந்திருந்தோம். அப்பப்பா, என்ன கூட்டம்!" என்று தொடங்கிவிடுவார். மற்றொன்று சற்று விஷமமான புன்னகை. "உங்களுக்கென்ன ஸார், கொடுத்து வைத்தவர்கள்!" என்று சொல்லிக் கண்ணைச் சிமிட்டுவார். அண்டை ஜில்லாக்களைவிட எங்கள் ஊரில் எந்தச் சரக்கு மலிவு என்பதை நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆக, காரைக்காலுக்கு ஜனங்கள் இரண்டே காரியத்துக்காக வருகிறார்கள். பிடித்த சனியை விடுவித்துக் கொள்வதற்கு ஒரு சாரார். விட்ட சனியைத் திரும்பப் பிடித்துக் கொள்வதற்கு இன்னொரு சாரார். இரண்டு சாராரும் வந்த வேலையை முடித்துக்கொண்டு அன்றைக்கே ஊர் திரும்பிவிடுகிறார்கள். திருநள்ளாற்றிலிருந்து கடல் வெகு தூரமில்லை. ஆனாலும் அந்தக் கடலை நின்று பார்த்தவர்கள், அந்தக் கரையில் இருப்பவர்களோடு நாலு வார்த்தை பேசியவர்கள், எத்தனை பேர் இருப்பார்கள்?

அரசலாறு எங்கள் ஊரில்தான் கடலோடு கலக்கிறது. கும்பகோணத்துக்கு மேற்கே காவிரியை விட்டுப் பிரிந்து, வழியெல்லாம் வயல்களுக்கு வாரிக் கொடுத்துவிட்டு, எங்களிடம் வந்து சேரும்போது அது ஏழையாகத்தான் வருகிறது. வெயில் காலத்தில் ஆற்றுத் தண்ணீர் வருவதில்லை. கடல்தான் ஆற்றுக்குள் ஏறி வருகிறது. கடலும் ஆறும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும் அந்தக் கழிமுகத்தில் வெண்கண்டல் மரங்கள் சேற்றிலிருந்து மூச்சு விடுவதற்காக ஆயிரக்கணக்கான வேர்களைப் பென்சில் நட்டதுபோல் மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. நீர் வற்றும் நேரத்தில் போனால், ஒற்றைக் கொடுக்கை மட்டும் பெரிதாக வளர்த்துக்கொண்ட சிறு நண்டுகள் அதை ஆட்டி ஆட்டி யாரையோ கூப்பிடும். சேற்றின்மேல் உளுவை மீன் துள்ளும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் உள்ளான்களும் ஆலாக்களும் வந்து இறங்கும். என் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போய் நிறுத்திவிட்டால், அன்று நான் பாடமே நடத்த வேண்டியதில்லை.

இத்தகைய இடங்களைப் பார்க்க வெளியூர் ஜனங்களை வரவழைப்பதற்கு இப்பொழுது ஒரு பெயர் சூட்டியிருக்கிறார்கள்: "சமூகம் சார்ந்த இயற்கைச் சுற்றுலா." பெயர் நீளமாக இருக்கிறதே தவிர, விஷயம் எளிது. ஊருக்குப் பக்கத்தில் ஒரு காடோ கழியோ இருக்கிறது. அதை ஊராரே வந்தவர்களுக்குக் காட்டுகிறார்கள். ஊராரே படகு தள்ளுகிறார்கள். ஊரார் வீட்டிலேயே சோறு. வருகிற பணம் ஊரிலேயே தங்குகிறது. மரத்தை வெட்டினால் ஒரு நாள் வருமானம், நிற்கவைத்தால் வருஷமெல்லாம் வருமானம் என்று ஆகும்போது, மரம் நிற்கிறது. யோசனை அழகானதுதான். ஆனால் எந்தக் கூட்டத்தில் இந்தப் பேச்சு எழுந்தாலும் நான் ஒரு கேள்வியை மனத்துக்குள் வைத்துக்கொண்டே கேட்கிறேன். படகில் யார் ஏறுவது என்பதைப்பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். துடுப்பு யார் கையில் இருக்கும்? படகு இன்றைக்குப் போகாது என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. காரைக்கால்மேட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். கட்டுமரத்தில் தொடங்கிப் பைபர் படகு வரை பார்த்தவர். அவருடைய பேரன் என்னிடம் படித்தவன். ஒரு திங்கட்கிழமை காலை அவரைப் பார்க்கப் போனபோது, உள்ளங்காலில் துணி சுற்றிக்கொண்டு வலைக் குவியலின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஐயா, காலில்?" என்று கேட்டேன்.

"நேத்து ஞாயித்துக்கிழமை இல்லீங்களா, வாத்தியாரய்யா? சுத்திப் பாக்க வந்தவங்க மணல்ல பாட்டிலை ஒடச்சுப் போட்டுட்டுப் போயிட்டாங்க. காலு கிழிஞ்சா மூணு நாளு கடலுக்குப் போவ முடியாது. அந்த மூணு நாளும் உலை வைக்கிறது யாரு?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. காற்று திசை மாறியதைச் சொல்வதுபோல் சொன்னார். அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. உல்லாசப் பயணம் என்பதைப் பற்றி அந்தக் கரைக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள், கண்ணாடித் துண்டு மணலில் இருக்கும். இனிமேல் இன்னும் நிறைய ஜனங்களை வரவழைக்கப் போகிறோம் என்று அவரிடம் போய்ச் சொன்னால், அவர் ஏன் சந்தோஷப்பட வேண்டும்?

இன்னொரு காரணமும் உண்டு. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் எழுந்து வந்ததை எங்கள் ஊரில் யாரும் மறக்க முடியாது. இந்தச் சின்னஞ்சிறு பகுதியில் மட்டும் நானூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, அக்கம்பேட்டை என்று ஒவ்வொரு குப்பத்திலும் ஒப்பாரி. பிறகு சர்க்காரும் தர்ம ஸ்தாபனங்களும் வீடு கட்டிக் கொடுத்தார்கள். கரையிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டினார்கள். உயிருக்குப் பாதுகாப்பு என்பது உண்மைதான். ஆனால் அப்போதிருந்தே தமிழ்நாட்டுக் கடலோரம் முழுவதும் மீனவர்களுக்கு ஒரு சந்தேகம். நாம் காலி செய்த இடத்தில் நாளைக்கு யார் வருவார்கள்? நமக்கு ஆபத்தான கரை, பணக்காரர்களின் விடுதிக்கு மட்டும் ஆபத்தில்லாத கரையாகிவிடுமோ? இந்தச் சந்தேகத்தை வெறும் பிரமை என்று நான் நினைக்கவில்லை. வலை உலர்த்தவும், மீன் காயப்போடவும், படகை ஏற்றி வைக்கவும் உள்ள மணல்தான் அவர்களுடைய வயல். அந்த வயலுக்குப் பட்டா கிடையாது.

சில வருஷங்களுக்கு முன் என் மாணவர்களைப் பிச்சாவரத்துக்கு அழைத்துப் போனேன். தரங்கம்பாடி, பூம்புகார், சீர்காழி, சிதம்பரம் வழியாக வடக்கே காலைப் பிரயாணம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள அந்தக் கண்டல் காட்டைப்பற்றி அறிமுகம் வேண்டாம். 1975-ல் வந்த "இதயக்கனி" படம் அதைத் தமிழ்நாடு முழுவதற்கும் காட்டிவிட்டது. 2022-ல் அது ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே சீட்டு வாங்கிப் படகில் ஏறுகிற ஏற்பாடு. எங்கள் படகைத் தள்ளியவருக்கு அறுபது வயதிருக்கும். முதலில் ஒன்றும் பேசவில்லை. கால்வாய் குறுகி, மேலே கிளைகள் கூடி, வெளிச்சம் பச்சையாக மாறிய இடத்தில் ஒரு பையன் கையை நீட்டி ஓர் இலையைப் பறிக்கப் போனான்.

"தம்பி, அதைத் தொடாதே! அது தில்லை மரம். பால் கண்ணிலே பட்டா எரிச்சல் தாங்காது" என்றார்.

"தில்லையா? சிதம்பரத்துக்குப் பேரே தில்லைதானே, ஐயா?"

"அந்தத் தில்லைதான். ஊர்ல மரம் போயிடுச்சு, பேரு இருக்குது. மரத்தைப் பாக்கணும்னா இங்கதான் வரணும்."

அவ்வளவுதான், பிள்ளைகள் அவரை விடவில்லை. சுரபுன்னை ஏன் மேலேயிருந்து விழுதுபோல் காலை ஊன்றுகிறது, வெண்கண்டல் இலையை நக்கினால் ஏன் உப்புக் கரிக்கிறது, இருளர்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவித் தடவி எப்படி இறாலைப் பிடித்துப் பறியில் போடுகிறார்கள் என்றெல்லாம் கேட்டார்கள். அவர் துடுப்பை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் பட்டம் பெற்ற காலத்தில் எனக்குத் தாவர நூல் கற்பித்தவர்கள் இதைவிடத் தெளிவாக ஒன்றும் சொன்னதாக ஞாபகமில்லை. படகு கரையைத் தொட்டதும் அவருடைய ஞானத்துக்கு விலை முடிந்துவிட்டது. சீட்டில் எழுதியிருந்தது தூரமும் நேரமும்தான்.

அந்தக் காட்டுக்கு ஒரு பழைய கதை உண்டு. வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே பகுதி பகுதியாக மரத்தை மொட்டையாக வெட்டி விறகுக்கு விற்றார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து, மண் அமுங்கித் தொட்டிபோல் குழிந்துவிட்டது. ஏறி வந்த கடல் தண்ணீர் வடியாமல் தொட்டியில் தங்கிற்று. வெயிலில் சுண்டி உப்பாகிற்று. உப்பில் விதை முளைக்கவில்லை. ஆடு மேய்க்கிறவர்களும் விறகு பொறுக்குகிறவர்களும்தான் காட்டை அழித்தார்கள் என்று வெகு காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காட்டை மீட்க 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வன இலாகாவோடும் கிராமத்தாரோடும் சேர்ந்து முனைந்தார்கள். மீன் முள்ளைப்போல நடுவில் ஒரு பெரிய வாய்க்காலும் இரு பக்கமும் சாய்ந்த சிறு வாய்க்கால்களும் வெட்டி ஏற்றவற்றத் தண்ணீரை உள்ளே ஓடவிட்டார்கள். உப்பு கழுவப்பட்டது. செடி பிழைத்தது. காலமான அந்தப் பெரியவர் சுவாமிநாதன் கும்பகோணத்தில் பிறந்தவர். எங்கள் அரசலாறு தொட்டுக்கொண்டு வரும் ஊர்தான் என்பதை இந்த இடத்தில் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஓர் அற்பப் பெருமை.

2004-ல் அலை வந்தபோது அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் உயிர்ச் சேதம் குறைவாக இருந்தது. அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் பரங்கிப்பேட்டை ஆராய்ச்சி நிலையத்தார் 18 குப்பங்களை ஆராய்ந்து 2005-ல் எழுதினார்கள். மரம் மட்டும் காரணமல்ல, நிலத்தின் உயரமும் கடலிலிருந்து தூரமும்கூடக் காரணம் என்று மற்ற விஞ்ஞானிகள் வாதித்தார்கள். வாதம் நடக்கட்டும். காட்டுக்குப் பின்னால் இருப்பவன் அந்தக் காட்டை வெட்டச் சம்மதிக்க மாட்டான் என்பது மட்டும் எனக்குப் போதும்.

பிச்சாவரத்துப் படகுக்காரரை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் காரங்காட்டைப்பற்றிக் கேள்விப்பட்டேன். ராமநாதபுரம் ஜில்லாவில் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடைப்பட்ட பாக் ஜலசந்திக் கரையில் உள்ள மீனவ கிராமம் அது. அங்கேயும் கண்டல் காடுதான். பிச்சாவரம் அளவு பெரிதல்ல. வன இலாகாவின் ஆதரவோடு ஊராரே படகு விடுகிறார்கள், பறவை காட்டுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அதுவல்ல. ஊர் ஸ்திரீகள் அன்றைக்குக் கரையேறிய இறாலையும் நண்டையும் மீனையும் தங்கள் கைப்பக்குவத்தில் சமைத்துப் போடுகிறார்கள். அந்தப் பணம் அவர்கள் கையில் போய்ச் சேருகிறது. மீனவர் வீட்டில் ஆண் கையில் வந்த பணத்துக்கும் பெண் கையில் வந்த பணத்துக்கும் உள்ள வித்தியாசம் பள்ளிக்கூட உபாத்தியாயருக்குத்தான் நன்றாகத் தெரியும். பிந்தியதுதான் பிள்ளையின் நோட்டுப் புத்தகமாக மாறி வகுப்புக்கு வருகிறது.

மேற்குக் கரையில் இன்னும் விசேஷமான ஒரு கிராமம் இருக்கிறது. ரத்னகிரி ஜில்லாவில் வேளாஸ் என்று பெயர். பேஷ்வாக்களின் மந்திரி நானா பட்னாவிஸின் பூர்வீக ஊர் என்று சரித்திரம் படித்தவர்கள் சொல்வார்கள். இந்தக் காலத்தில் அதற்குப் புகழ் வாங்கிக் கொடுத்தது ஆமை. நம் கரைக்கு வருகிற பங்குனி ஆமைதான் அங்கேயும் வந்து முட்டையிடுகிறது. முட்டைகளை ஜனங்கள் தோண்டி எடுத்துத் தின்றுகொண்டும் விற்றுக்கொண்டும் இருந்தார்கள். சிப்ளூணிலிருந்த ஸஹ்யாத்ரி நிஸர்க மித்ர என்ற சங்கத்தார் 2002-ல் அங்கே போய், முட்டை எடுத்தவர்களையே முட்டைக்குக் காவலாக வைத்தார்கள். கரையில் வேலி கட்டி, முட்டைகளை மாற்றிப் புதைத்து, ஐம்பது நாள் போலக் காத்திருந்து, பொரிந்த குஞ்சுகளைக் காலையிலும் மாலையிலும் கடலில் விட்டார்கள். 2006-ல் இதை ஒரு திருவிழாவாகவே அறிவித்தார்கள். குஞ்சுகள் கடலுக்கு ஓடுவதைப் பார்க்கப் பம்பாயிலிருந்தும் புனாவிலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்தது. வேளாஸில் விருந்தாளிகள் கிராமத்தார் வீட்டிலேயே தங்குகிறார்கள். வீட்டில் சமைப்பதைத்தான் சாப்பிட வேண்டும். ஆமைக் குஞ்சு இன்றைக்குப் பொரியுமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பொரியாவிட்டால் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். குஞ்சைக் கையில் எடுத்துப் படம் பிடிக்க ஆசைப்படுகிறவருக்கு இடமில்லை. பணம் கொடுத்தவர் எஜமானர் என்ற எண்ணத்தை ஊர் எல்லையிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். விருந்தாளிக்கும் வாடிக்கைக்காரருக்கும் இதுதான் பேதம்.

எங்கள் காரைக்காலில் இது நடக்குமா என்று கேட்டால், நடப்பதற்கு வேண்டியவற்றில் பாதி ஏற்கெனவே இருக்கிறது என்பேன். பட்டினவர் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து என்பது சர்க்கார் சட்டத்தில் வந்ததல்ல. 1739-ல் பிரெஞ்சுக்காரர் வந்து, 1954-ல் போனார்கள். அந்தப் பஞ்சாயத்து அவர்களுக்கு முன்னும் இருந்திருக்கும், பின்னும் இருக்கிறது. எந்த வலை போடலாம், எது கூடாது, தலைக்கட்டுக்கு வரி எவ்வளவு, அம்மன் திருவிழா எப்போது, சண்டை போட்டவனுக்கு அபராதம் என்ன என்றெல்லாம் தீர்மானிக்கிற சபை அது. ஒரு நாளைக்கு எத்தனை படகு, எந்த மாதம் கழிமுகத்துக்குள் போகவே கூடாது, ஒலிபெருக்கியும் புட்டியும் கொண்டுவந்தவர்களை எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் தீர்மானிக்க இதைவிடத் தகுதியுள்ள சபை வேறு எது? பட்டணத்திலிருந்து ஒரு கம்பெனி வந்து விதி எழுத வேண்டியதில்லை.

ஒரு குறை உண்டு; அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சபையில் ஸ்திரீகள் உட்காருவதில்லை. ஏலத்தில் மீன் எடுத்து, கூடை சுமந்து, கடன் வாங்கி, கடன் அடைத்து, குடும்பத்தை நடத்துகிறவர்கள் அவர்கள். சோறு போடப் போகிறவர்களும் அவர்களே. சோற்றுக்கு விலை மட்டும் ஆண்கள் கூடித் தீர்மானிப்பது என்றால், அது பழைய பல்லவிதான். மகாராஷ்டிரத்து வெங்குர்லாவுக்கு அருகே மாண்டவிக் கழியில் மகளிர் குழுவினரே படகு தள்ளிக் கண்டல் காட்டைக் காட்டுகிறார்கள். நம் பெண்களுக்குக் கை வலுவில்லை என்று சொல்லுகிறவர்கள், ஒரு தரம் மீன் கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

காலமும் ஒத்துக்கொள்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக ஏற்பட்ட தடை. அந்த நாட்களில் ஆட்கள் கரையில் சீட்டாடிக்கொண்டிருப்பார்கள். பள்ளிக்கூடங்களுக்கு அப்போது விடுமுறை. கச்சான் காற்று அடிக்கிற மத்தியானத்தில் வெளியே தலைகாட்ட முடியாதுதான். காலை ஐந்தரை மணிக்குக் கழிமுகத்தைப் பார்த்தவர்கள் மத்தியானத்தைக் கேட்கமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் மழையும் வந்தால் கடையைக் கட்டிவிட வேண்டும். மழை விட்டபின் பறவைகள். தை, மாசி இரவுகளில் பங்குனி ஆமை கரையேறுகிறது. சென்னையில் கல்லூரி மாணவர்கள் 1988 வாக்கிலிருந்து இந்த ஆமைக்காக இரவெல்லாம் கடற்கரையில் நடந்து வருகிறார்கள். இங்கே இரவு நடைக்கு வழி காட்டப் பரம்பரையாக இருட்டில் கடலுக்குப் போகிறவர்களே இருக்கிறார்கள்.

சட்டமும் முற்றிலும் குறுக்கே நிற்கவில்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம்பற்றி 2019 ஜனவரியில் வந்த அறிவிப்பு பல விஷயங்களில் கட்டிடக்காரர்களுக்கு அநுகூலமாக இருக்கிறது என்று மீனவர் சங்கங்கள் ஆட்சேபித்தன. அந்த ஆட்சேபம் நியாயம் என்பதே என் கட்சி. ஆனால் அதில் ஒரு சிறு வாசல் உண்டு. கடலோரவாசிகள் தங்கள் பழைய வீட்டின் அஸ்திவார அளவையும் தோற்றத்தையும் மாற்றாமல் விருந்தாளிகளைத் தங்கவைத்துக் கொள்ளலாம். மாடி கட்ட வேண்டாம், குளிர்சாதனம் வேண்டாம். சுத்தமான கழிப்பறையும், குடிதண்ணீரும், ஒரு பாயும் வேண்டும். இந்த மூன்றில் முதலிரண்டுக்குத்தான் சர்க்கார் கைகொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் நுழைவாயிலில் சிமெண்டு டால்பின் கட்டி வைப்பதில் நமது இலாகாக்களுக்கு உள்ள ஆர்வத்தை என்னென்று சொல்வது!

இதையெல்லாம் சக உபாத்தியாயர் ஒருவரிடம் சொன்னேன். நல்ல மனிதர். மூக்கைச் சுளித்துக்கொண்டு, "அதெல்லாம் சரி, குப்பத்தில் யார் போய்த் தங்குவார்கள்? கருவாட்டு நாற்றம் தாங்குமா?" என்றார். நேயர்களே, அவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் நம் வீட்டையும் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். நம்மில் எத்தனை பேர் மீன்காரியைத் திண்ணைக்கு மேல் ஏற்றியிருக்கிறோம்? அவள் கொடுக்கும் வஞ்சிரம் வேண்டும். அவள் வீட்டுத் தண்ணீர் வேண்டாம். கண்டல் காட்டையும் ஆமையையும் பறவையையும் பார்க்கப் புறப்படுகிறவர்கள், அவற்றைவிட அபூர்வமான ஒரு காட்சியையும் அங்கே காணக்கூடும்: நம்மைப்போன்ற குடும்பங்கள் மீனவர் வீட்டுத் தரையில் இலை போட்டு உட்கார்ந்திருப்பது. மரக்கறி உண்கிறவர்கள் பயப்பட வேண்டாம். வேளாஸில் விருந்தாளிகளுக்கு மரக்கறிச் சாப்பாடுதான் போடுகிறார்கள். காரைக்கால் குப்பத்திலும் சாம்பார் வைக்கத் தெரியும்.

நாற்றத்தைப்பற்றி ஒரு வார்த்தை. கருவாடு நாறத்தான் செய்யும். அந்த நாற்றம் போய்விட்ட கடற்கரை ஒன்றை எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம். வெள்ளைச் சாய்வு நாற்காலிகளும் குடைகளும் போட்டு, வாசலில் காவற்காரனை நிறுத்தியிருந்தார்கள். அந்தக் காவற்காரன் பக்கத்துக் குப்பத்துப் பையன். சீருடையில், காலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, தன் சொந்தச் சித்தப்பா வலையோடு அந்த வழியாகப் போகக் கூடாது என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தான். உள்ளூருக்கு வேலை கொடுத்திருக்கிறோம் என்று அதை நடத்துகிறவர்கள் சொன்னார்கள். பொய் இல்லை.

சென்ற கோடையில் மார்க்கெட்டில் மீன் விற்கும் ஓர் அம்மாளிடம் இந்தப் பேச்சை எடுத்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அலையில் வீட்டையும் தராசையும் இழந்து, மறுபடி கடன் வாங்கித் தராசு வாங்கியவள். ஆற்றைப் பார்க்கப் பத்துப் பேர் வந்தால் உங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு போட முடியுமா என்று கேட்டேன்.

"எங்க வூட்டுல வந்து சாப்புடுவாங்களா, தம்பி?" என்றாள்.

"சாப்பிடுகிறவர்களைத்தான் அழைத்து வருவேன்."

சங்கராவைப் புரட்டிப் போட்டுக்கொண்டே சற்று நேரம் யோசித்தாள். பக்கத்துக் கடைக்காரியையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டாள். இரண்டு பேருமாகக் கணக்குப் போடத் தொடங்கினார்கள். முன்னாளே சொல்லிவிட வேண்டும். ஏலத்தில் அன்றைக்கு என்ன விழுகிறதோ அதுதான் குழம்பு. வஞ்சிரம் வேண்டும், இறால் வேண்டும் என்று கேட்கக் கூடாது. சுறாப்புட்டு வேண்டுமானால் செய்யலாம், அதற்குத் தனிக் காசு. பத்துப் பேருக்கு மேல் கூடாது, பாத்திரம் பத்தாது. பணம் பஞ்சாயத்தில் கட்டுவதா, கையில் கொடுப்பதா என்று கேட்டாள். எப்படி உங்கள் இஷ்டமோ அப்படி என்றேன். "கையிலதான் குடுக்கணும்" என்றாள், உடனே.

"அப்படியானால் முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்வோமா? எல்லோருக்கும் அன்றைக்குத்தான் ஓய்வு" என்று சொன்னேன்.

அவள் தராசைக் கையில் எடுத்துக்கொண்டாள். வாடிக்கைக்காரர் ஒருவர் வந்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை முடியாது, தம்பி. அன்னிக்குத்தான் எனக்கு யாவாரம். செவ்வாக்கெழமை வரச் சொல்லு."